தடைக்காலத்தில் ஒரு டிரான்ஸ்பர் கணக்கு

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாள்களில்தான் இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்கள் ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதுமாக இருக்கும். அங்கே ஆட்டம் இல்லை, இங்கே தொழில் இல்லை. கிழிந்த வலையை முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, யாரை விற்க வேண்டும், யாரை விடக் கூடாது என்பதைவிட நல்ல பேச்சு கிடைக்காது. கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை எங்கள் பக்கம் ஏராளம். ஐரோப்பா என்று வந்துவிட்டால் ஒரே வீட்டுக்குள் மூன்று கட்சி இருக்கும். நான் மான்செஸ்டர் யுனைடெட் கட்சி. அனுதாபம் வேண்டாம், பழகிவிட்டது.

2025 தடைக்காலத்தில் மாமா ஒரு கேள்வி கேட்டார். “மக்கா, ஆறு வயதில் சேர்த்து இருபது வருடம் வளர்த்த பையனை லிவர்பூல்காரன் எப்படிச் சும்மா விட்டான்?” டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்டைப் பற்றிய கேள்வி. அவர் அப்போதுதான் ரியல் மாட்ரிட்டுக்குப் போயிருந்தார். லிவர்பூலுக்கு வரும் கஷ்டம் எனக்கு எப்போதும் கருப்பட்டிதான், உற்சாகமாகவே விளக்கத் தொடங்கினேன். பாதி வழியில்தான் உறைத்தது, எங்கள் கிளப்பின் பத்துப் பதினைந்து வருட வயிற்றெரிச்சல் முழுவதும் அதே பதிலுக்குள் இருக்கிறது என்று.

கிளப் ஓர் ஆட்டக்காரரை வாங்கிவிட்டது என்று நாம் சொல்கிறோம். வாங்கப்படுவது அவருடைய ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலம் மட்டுமே. பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. படகுக்காரரிடம் முன்பணம் வாங்கிய தொழிலாளி அதைத் தீர்க்காமல் அடுத்த படகில் ஏற முடியாது. அந்த ஆள் தனக்கு வேண்டும் என்று நினைக்கும் புதிய படகுக்காரர் பழைய கணக்கை அடைத்துவிட்டு அழைத்துக்கொள்ள வேண்டும். அப்படி அடைக்கும் தொகைதான் டிரான்ஸ்பர் பணம். கணக்குத் தீர்ந்த ஆளை அழைக்க யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு வேறுபாடு உண்டு. படகில் கடனைத் தொழிலாளி உழைத்து அடைக்கிறார், கால்பந்தில் காலண்டரே அடைத்துவிடுகிறது.

1995க்கு முன்பு அதுவும் இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மான் என்பவர் ஒப்பந்தம் முடிந்த பிறகு பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். கணக்குத் தீர்ந்துவிட்டது, ஆனாலும் பணம் வந்தால்தான் விடுவோம் என்று பழைய கிளப் பிடித்துவைத்துக்கொண்டது. அன்றைய விதி அதற்கு இடம் கொடுத்தது. அவர் வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த ஆளுக்குப் பணம் கேட்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இன்று நாம் ‘ஃப்ரீ டிரான்ஸ்பர்’ என்று சாதாரணமாகச் சொல்வது அந்த ஒரு மனிதர் தன் ஆட்டக் காலத்தைக் கோர்ட்டில் கழித்ததால் வந்தது. அவருடைய வழக்கால் பின்னால் வந்தவர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள், அவர் ஆகவில்லை.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வெளிநாட்டுக் கிளப்புடன் ஆட்டக்காரர் முன்கூட்டிக் கையெழுத்திடலாம். ஐரோப்பிய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடிவதால், ஜனவரி 1 வந்துவிட்டால் பழைய கிளப்பின் கையில் ஒன்றும் இருக்காது. அலெக்சாண்டர்-அர்னால்டின் ஒப்பந்தமும் 2025 ஜூன் 30 வரைதான். ரியல் மாட்ரிட் பொறுத்திருந்தால் ஒரு காசு கொடுக்க வேண்டியிருந்திருக்காது. அவர்கள் ஆட வேண்டிய கிளப் உலகக் கோப்பை ஜூன் நடுவில் தொடங்கிவிட்டதால், ஒரு மாதம் முன்னால் அழைத்துக்கொள்ள மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி யூரோ கொடுத்தார்கள். முப்பது நாளுக்கு அந்த விலை. இதைக் கேட்ட மாமா கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அவரே ஒரு உவமை சொன்னார், அதைவிட நல்லது எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. விடியற்காலை துறைமுகத்தில் ஏலம் கூறும்போது முதல் படகின் மீனுக்கு இருக்கும் விலை வெயில் ஏறிய பிறகு இருக்காது. மீன் அதே மீன்தான். ஆனால் வியாபாரி ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டே விலையைக் குறைப்பான், அவசரம் யாருக்கு என்று அவனுக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் நான்கு வருடம் மிச்சமிருக்கும் ஆட்டக்காரர் விடியற்கால மீன். ஒரு வருடம் மிச்சமிருப்பவர் பத்து மணி மீன்.

எங்கள் கிளப் நண்பகல் வரை உட்கார்ந்திருந்து மீனைக் கொட்டிவிட்டு வரும் கிளப். பால் பொக்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் 19 வயதில், ஒப்பந்தம் முடிந்து இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனார். இளைஞர் என்பதால் பயிற்சி இழப்பீடாகச் சிறு தொகை மட்டும் வந்தது. 2016இல் அதே ஆளை 10.5 கோடி யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கினோம். அன்று அது உலகச் சாதனை விலை. 2022இல் மறுபடியும் ஒப்பந்தம் முடிந்து, மறுபடியும் அதே யுவென்டஸுக்கு, மறுபடியும் சும்மா போனார். ஒரே வீட்டில் இரண்டு முறை திருட்டுப் போவதை விதி என்று விட்டுவிடலாம். இரண்டு முறையும் நாமே கதவைத் திறந்து வைத்துவிட்டு, நடுவில் திருடனிடம் பணம் கொடுத்துப் பொருளைத் திரும்ப வாங்கியதை என்னவென்று சொல்வது?

ரசிகர்கள் பொக்பாவைத் திட்டினார்கள். அவர் ஏஜெண்ட்டையும் திட்டினார்கள். என் கோபம் வேறிடத்தில். ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மிச்சமிருக்கும்போது கிளப் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். நீட்டிக்க ஆட்டக்காரர் சம்மதித்தால் நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கோடையிலேயே விற்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி, ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது. யுனைடெட் அந்த மூன்றாவது வழியில் வீடு கட்டிக் குடியிருந்தது.

ஆர்சனல் ஒருமுறை கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டது. 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்செஸுக்கு ஆறு மாத ஒப்பந்தம்தான் மிச்சம். அவரை நம்மிடம் தள்ளிவிட்டு ஹென்ரிக் மகிதார்யனை மாற்றாக வாங்கிக்கொண்டார்கள். டிரான்ஸ்பர் பணம் இல்லாததால் லாபம் என்று நாங்கள் துள்ளினோம். கொடுக்காத டிரான்ஸ்பர் பணம் முழுவதும் சம்பளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை அப்போது எங்கள் வலைக்கூடத்தில் யாரும் யோசிக்கவில்லை. சான்செஸ் யுனைடெட்டுக்காக ஆடிய 45 ஆட்டங்களில் 5 கோல் அடித்தார். அந்தச் சம்பளத்தைப் பார்த்த மற்ற ஆட்டக்காரர்கள் தங்களுக்கும் ஏற்றிக் கேட்டதுதான் பெரிய நட்டம். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரியாக வராது.

எங்கள் கோல்கீப்பர் டேவிட் டி கெயா கதை இன்னும் விசித்திரம். 2015 ஆகஸ்ட் 31, ஸ்பெயினில் டிரான்ஸ்பர் காலம் நள்ளிரவில் மூடுகிறது. ரியல் மாட்ரிட்டுக்கு அவரை விற்பதாகப் பேசி முடித்தாகிவிட்டது. காகிதங்கள் நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேர்ந்ததால் வியாபாரம் முறிந்தது. சில நாள்களில் அவர் யுனைடெட்டிலேயே புதிய ஒப்பந்தம் போட்டார். அடுத்த சில வருடங்கள் எங்களைக் காப்பாற்றியவர் அவர்தான். நிர்வாகத்தின் திட்டம் எங்களைக் காப்பாற்றியதாக எனக்கு நினைவில்லை, ஒருமுறை தாமதமான காகிதம் காப்பாற்றியிருக்கிறது.

இனிக் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். ரசிகர்களின் சண்டையில் முக்கால்வாசி இது தெரியாததால் வருகிறது. ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் அந்தப் பணம் முழுவதும் வாங்கிய வருடத்தின் செலவாக எழுதப்படுவதில்லை. ஐந்தாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்காக எழுதுவார்கள். புது எஞ்சின் வாங்கிய படகுக்காரர் அதன் விலையை ஒரே சீசனின் மீனில் கழிப்பதில்லை, பல சீசனுக்குப் பிரித்துக்கொள்வார் என்பதைப் போல.

பிரேசிலின் ஆன்டனியை 2022இல் அயாக்ஸிடமிருந்து 9.5 கோடி யூரோவுக்கு வாங்கினோம். கூடுதல் நிபந்தனைத் தொகை தனி. ஒப்பந்தம் 2027 வரை, ஐந்து வருடம். வருடத்துக்கு 1.9 கோடி. மூன்று வருடம் கழிந்த 2025இல் புத்தகத்தில் அவருடைய மதிப்பு ஏறக்குறைய 3.8 கோடி. அதற்குக் குறைந்து விற்றால் அந்த வித்தியாசம் முழுவதும் அந்த வருட நட்டம். ரியல் பெட்டிஸுக்கு விற்றது 2.2 கோடிக்கு. அடுத்து அவர்கள் விற்றால் லாபத்தில் பாதி நமக்கு என்று ஒரு சரத்து. ‘9.5 கோடிக்கு வாங்கி 2.2 கோடிக்கு விற்று 7.3 கோடி நட்டம்’ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கணக்காளரைக் கேட்டால் அந்த வருட நட்டம் ஏறக்குறைய 1.6 கோடி என்பார். பணமாகப் போனது 7.3 கோடிதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கிளப் அடுத்து யாரை வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் இரண்டாவது எண்ணைத்தான் பார்க்கும்.

அந்தக் கோடையில் டிரான்ஸ்பர் காலம் மூடியது செப்டம்பர் 1 அன்று, நமக்கு இரவு 11.30. மாமா அப்போது கடலில் இருந்தார். தங்கல் முடிந்து கரைக்கு வந்தபோது ஆன்டனியை விற்றுவிட்டதைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்கவில்லை. “ரொக்கமா, தவணையா?” என்றார். ஏலத்தில் விற்ற மீனுக்குப் பணம் எப்போது கைக்கு வரும் என்பது அவருக்கு வாழ்நாள் கவலை. கால்பந்திலும் இந்தத் தொகைகள் பெரும்பாலும் தவணைதான். இன்று நாம் விற்றவருக்கு வரும் பணத்தை எதிர்பார்த்து, நேற்று வாங்கியவருக்குத் தவணை கட்டுகிறோம். கிளப்புகளின் அறிக்கையில் வாங்கிய தொகைக்கு வைத்திருக்கும் பாக்கி எப்போதும் ஒரு பெரிய வரியாக நிற்பது இதனால்தான்.

இங்கிலாந்தில் நெடுநாள் இருந்த விதி, மூன்று வருடத்தில் மொத்த நட்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது. 2026-27 பருவத்திலிருந்து அதன் இடத்தில், அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவர 2025 நவம்பரில் கிளப்கள் வாக்களித்தன. விதி இருக்கும் இடத்தில் சந்தும் இருக்கும். செல்சி 2023இல் எட்டரை வருட ஒப்பந்தங்கள் போட்டது. பிரிக்கும் காலம் நீண்டால் வருடச் செலவு சுருங்கும் அல்லவா? அதைப் பார்த்த ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்குமேல் பிரிக்கக் கூடாது என்றது. இங்கிலாந்தும் அதே வருட டிசம்பரில் அதைப் பின்பற்றியது.

இந்தப் பிரித்தெழுதும் முறையின் இன்னொரு விளைவுதான் என்னை அதிகம் சுடுகிறது. கிளப்பே வளர்த்த பையனுக்கு வாங்கிய விலை கிடையாது, ஆகவே புத்தகத்தில் அவன் மதிப்பு பூஜ்யம். அவனை விற்றால் வரும் ஒவ்வொரு பவுண்டும் லாபம். பெரும் பணம் கொட்டி வாங்கிய ஆளை விற்றால் நட்டம் எழுத வேண்டும், வீட்டுப் பிள்ளையை விற்றால் லாபம் எழுதலாம். நிர்வாகிகள் எதைச் செய்வார்கள்? ஸ்காட் மெக்டொமினே சிறுவயது முதல் யுனைடெட்டில் வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் நேப்பொலிக்கு ஏறக்குறைய இரண்டரைக் கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அவர் ஆடிய முதல் பருவத்திலேயே நேப்பொலி இத்தாலிய லீக்கை வென்றது, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. மோசமான விற்பனை என்று சொல்ல மாட்டேன், புத்தகப்படி அது அருமையான விற்பனை. ஒரு விதி கிளப்பைத் தன் சொந்தப் பிள்ளைகளை முதலில் சந்தைக்கு அனுப்பத் தூண்டுமானால் அந்த விதியில்தான் கோளாறு.

ஆட்டக்காரரைச் சில காலம் இரவல் கொடுக்கும் லோன் பற்றிச் சுருக்கமாக. யுனைடெட்டின் ஜேடன் சான்சோவை 2024இல் செல்சி லோனில் எடுத்தபோது, பருவம் முடிந்ததும் வாங்கியே தீர வேண்டும் என்பது நிபந்தனை. 2025இல் அவர்கள் 50 லட்சம் பவுண்ட் அபராதம் கட்டிவிட்டு ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கும் ஒரு விலை உண்டு என்று அன்று தெரிந்துகொண்டோம். முப்பது வயதில் வாங்கப்படுகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். கசமிரோவுக்கு 2022இல் யுனைடெட்டில் நான்கு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவர் நல்ல ஆட்டக்காரர், அதில் சண்டையில்லை. ஆனால் அந்த வயதில் வாங்கும் ஆளைத் திரும்ப விற்க முடியாது. அவரைச் செலவாக எழுதிவிட்டுத்தான் வாங்க வேண்டும், முதலீடு என்று நம்மிடம் சொல்லக் கூடாது.

ஒப்பந்தம் நீட்டிக்க மறுப்பவரை ‘பணத்தாசை பிடித்தவர்’ என்று நானும் ஒரு காலத்தில் திட்டியிருக்கிறேன். அதை நிறுத்தியது எங்கள் பக்கத்து ஆட்டக்காரர் ஒருவரைப் பார்த்துத்தான். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரையான எட்டு ஊர்களில் பந்து இல்லாத மணல் கிடையாது. அதில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் ஆடி, 2018இல் ஜாம்ஷெட்பூருக்கும் 2019இல் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார். அந்தப் பருவமே ஏடிகே, இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. 2020 நவம்பர் 20, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம், எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். ஊரே டிவி முன்னால். முதல் பாதியின் தொடக்கத்திலேயே காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தப் பருவம் முழுவதும் அதோடு முடிந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள்கூட அன்று கத்தவில்லை.

கடலில் காயம்பட்டுக் கரையில் கிடப்பவனுக்கு அந்தத் தங்கலில் பங்கு எவ்வளவு வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டக்காரருக்கும் தொழில் செய்யும் வயது பத்துப் பன்னிரண்டு வருடம். எழுதிய ஒப்பந்தம் ஒன்றுதான் முட்டு உடைந்த வருடத்திலும் அவருக்கு அரிசி போடும். அதுவும் எழுதிக் கொடுத்த கிளப் நிற்கும்வரைதான். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் பருவமே தொடங்காமல் நிறுத்திவைக்கப்பட்டபோது, ஆகஸ்டில் பெங்களூரு கிளப் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே நிறுத்திவைத்தது. கையில் ஒப்பந்தக் காகிதம் வைத்திருந்தவர்கள் பந்து இல்லாமல் நின்றார்கள்.

மாமாவிடம் கடைசியாகச் சொன்னது உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் ஐந்து சதவீதத்தைப் பற்றி. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போது நாடுவிட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு அரை சதவீதம். பொக்பாவின் 10.5 கோடி யூரோவில் கால் சதவீதம் என்றால் 2,62,500 யூரோ. பையன் சிறுவனாக ஒரே ஒரு வருடம் ஆடிய கிளப்புக்கு அவ்வளவு. பாரிஸ் புறநகரில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுக்கும் சிறு கிளப்புகள் இப்படித்தான் புல்தரை போட்டுக்கொள்கின்றன. 2022 முதல் இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க ஃபிஃபா தனி நிறுவனமே வைத்திருக்கிறது.

சும்மா போகிற ஆட்டக்காரருக்கு இந்த ஐந்து சதவீதமும் கிடையாது. பூஜ்யத்தில் ஐந்து சதவீதம் பூஜ்யம். ‘ஃப்ரீயாக அள்ளிக்கொண்டோம்’ என்று நாம் கொண்டாடும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு மணல்திட்டுக் கிளப்பின் பங்கும் சேர்ந்து போகிறது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியானால் நம் பையன் ஒருவன் வெளிநாடு போனால் நமக்கும் வருமா?” வரும், நம் ஊர்க் கிளப் மாவட்டச் சங்கம் வழியாக மாநிலச் சங்கத்தில் சேர்ந்திருக்க வேண்டும், பையன் பன்னிரண்டு வயதிலேயே நம் கிளப் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், எந்த வருடம் எங்கே ஆடினான் என்ற வரலாறு ஃபிஃபாவின் கணினியில் காலியில்லாமல் தெரிய வேண்டும் என்றேன். உடனே எங்கள் ஊர்க் கிளப்பின் நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

கோயில் திருவிழாப் போட்டிக்கு வைத்திருக்கும் நோட்டு அது. எடுத்துப் புரட்டினோம். பாதிப் பேருக்குப் பட்டப்பெயர்தான் எழுதியிருந்தது. பிறந்த தேதி ஒருவருக்கும் இல்லை. ஜெர்சிப் பணம் பாக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் தேதிவாரியாக, தொகைவாரியாக, சிவப்பு மையில் அழகாக எழுதப்பட்டிருந்தார்கள். அதில் மூன்றாவது பெயர் மாமாவுடையது.